பார்வைப் பாத்தியம்

சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பிய மடிக்கணினியின் திரையில்
எண்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்.
கணக்கும் அவன் சொன்னதுதான்.
பத்திர எழுத்தர் சந்தியாகு வைத்திருக்கும் பழைய மென்பொருளுக்கு
இந்தப் பெருமையெல்லாம் தெரியாது.
கடுகுக்கும் கசகசாவுக்கும் நடுவே ஓர் அளவில்
எழுத்தை வைத்துக்கொண்டு பிடிவாதம் செய்கிறது.
பெரிதாக்கினால் கட்டங்கள் உடைந்து
விற்பவர் போய் வாங்குபவர் வரிசையில் உட்காருகிறார்.

எனவே நான்தான் குனிகிறேன்.
மூக்கு கண்ணாடியில் இடிக்க
தேவகோட்டையைத் தட்டச்சு செய்கிறேன்.
வீடு ஒன்று, பங்காளிகள் நாற்பத்தாறு,
நூற்றிருபதில் ஒரு பங்கு, அதில் மூன்றில் இரண்டு.
ஐந்து மணிக்குக் கண்ணில் உமி விழுகிறது.
ஏழு மணிக்கு மெய்யெழுத்துகளின் தலையில்
புள்ளி இருக்கிறதா என்று
தடவிப் பார்க்கத் தோன்றுகிறது.

போன வாரம் ஒரு புள்ளி போய்விட்டது.
தெற்கெல்லை: பெரிய கண்மாய்
என்பது
தெற்கெல்லை: பெரிய கணமாய்
என்று பதிவு அலுவலகம்வரை போனது.
அத்தனை தண்ணீரும் ஒரு புள்ளியில் வற்றி
நிலம் ஒரு நொடியின் கரையில் கிடந்தது.
சார்பதிவாளர் சிவப்பில் வட்டமிட்டார்.
சந்தியாகு என்னை ஒன்றும் சொல்லவில்லை,
அதுதான் சங்கடமாயிருந்தது.

காரைக்குடியில் மருத்துவர் ஜமீலா
இமையைப் புரட்டிப் பார்த்தார்.
சிமிட்டவே மறந்திருக்கீங்களே என்றார்.
சொட்டு மருந்து. அப்புறம்
இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை
இருபது அடிக்கு அப்பால்
இருபது நொடி.

அடிதான் இல்லை என்னிடம்.
நான் வாடகைக்கு இருப்பது ஒரு பங்கின் துண்டில்.
முன்வாசலில் நின்றால் பின்தெருவில் போகிறவர் தெரிய
நிலைக்கு நேர் நிலை வைத்துக் கட்டிய வீடுதான்.
பாகம் பிரிந்த வருடம் குறுக்கே ஹாலோ பிளாக் சுவர்,
சுவரில் தகரக் கதவு,
கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள்,
தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சாத்தப்பன்.
என் பார்வை ஒன்பதாவது அடியில்
சிமெண்டில் முட்டித் திரும்பும்.

கொஞ்சம் திறந்து வைங்களேன் என்றேன்.
நடக்கவா?
பார்க்க.
யோசித்தார். பார்த்துப் பார்த்தே
பாத்தியம் ஆக்கிப்புடுவீக, எழுதிக் குடுங்க.
மணிக்கு மூன்று அவருக்குக் கட்டாது,
நாளைக்கு ஆறு என்று படிந்தது.

இருபது ரூபாய்த் தாளில் எழுதினேன்.
மேற்படி கதவின் வழியே
எனது இரு கண்கள் மட்டும் போய்வரவும்,
கால் வைக்காமலிருக்கவும்,
பிற்காலத்தில் அனுபவ பாத்தியம் கோராமலிருக்கவும்
மனப்பூர்வமாகச் சம்மதித்து.
ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் எண்ணினேன்.

வாங்கியவர் கையை நீட்டிப் படித்தார்,
இன்னும் நீட்டினார்,
கை தீர்ந்துவிட்டது.
எனக்கு எட்டத்தில் இருப்பது கலங்குகிறது,
அவருக்குக் கிட்டத்தில் இருப்பது.
நீங்களே வாசிங்க என்று கொடுத்தார்.
ஒரு வரி கூட்டி எழுதியிருந்தாலும்
கையெழுத்து விழுந்திருக்கும்.
உள்ளதை உள்ளபடி வாசித்தேன்.

இன்று மூன்றாம் முறை கதவு திறந்தது.
நிலைக்குள் நிலை, அதற்குள் நிலை,
கடைசியில் தபால்தலை அளவுக்கு வெயில்.
அதில் வெள்ளையாக ஏதோ.
உரச்சாக்கு என்று நினைத்தேன்.
ஏழாவது நொடியில் அது அசைந்தது.
பதின்மூன்றில் ஆடு.
பதினாறில் அதற்குத் தாடி முளைத்தது,
தாடியில் ஒரு வேப்பிலை.

கதவுக்குப் பின்னால் சாத்தப்பன்
சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்.
பதினேழு, பதினெட்டு,
பதினெட்டு,
பத்தொன்பது.