இருபத்திரண்டு மில்லிமீட்டர்

எருமைக்கொட்டில் என்று மலாயில் பெயர்.
பாதித் தீவு பிறந்தது இங்கேதான்.
என் வரிசை எண் நாற்பத்தேழு.

ரொஹாயா திரையில் இரண்டு புள்ளி வைத்து
நடுவே கோடு இழுக்கிறாள்.
கோலம் அவ்வளவுதான்.
இருபத்திரண்டு.
போன தடவை முப்பத்தொன்று.

கருப்பைக்கும் வாய் என்றே
பெயர் வைத்த மொழி என்னுடையது.
வகுப்பில், மாமியார் வீட்டில், ஆபீஸ் மீட்டிங்கில்
மூடு மூடு என்றார்கள்.
மூடியதில்லை.
இப்போது நானே கெஞ்சுகிறேன்:
வாயை மூடு, தாயே,
இன்னும் பதினான்கு வாரம்.

இரவில் மாத்திரையை உள்ளே வைத்துப் படுக்கிறேன்.
ஜூரோங்கில் ஷிப்ட் முடித்து வந்த பரிதி
கட்டைவிரல் நகத்தைக் காட்டுகிறான்.
"இவ்வளவா?"
அதைவிடக் கொஞ்சம் கூட.
அந்தக் கொஞ்சத்தில்தான் அவள் நிற்கிறாள்.

செங்காங் குட்டி ரயில் எங்கள் சன்னலோரம் வளைகிறது.
உள்ளே ஓர் உதை.
மெதுவா, மெதுவா.

கட்டிலடியில் பை தயார்:
இரண்டு கைலி, நகவெட்டி,
அளவு தெரியாமல் வாங்கிய காலுறை.

அந்த நாள் வரட்டும்.
அடக்கு என்று யாரும் சொல்லாத அறையில்
திறக்கிறேன்,
இரண்டு வாயையும்.