அறுபத்து மூன்றாவது கட்டம்

கோட்டைக்கல்லாற்றில் எங்கள் மண்டபத்துக்கு
அரைச்சுவர்தான்.
அதற்கு மேலாக எல்லாம் உள்ளே வரும்:
பாலத்து வளைவில் கல்முனை பஸ்ஸின் ஹோர்ன்,
மீன்காரரின் மோட்டார்சைக்கிள்,
ஒரே மெட்டைப் பத்து வருசமாய் விடாத
பாண்காரரின் ஆட்டோ,
காகம்,
கடல்.

இவ்வளவுக்கும் நடுவில்தான் பழகினோம்.
பத்தொன்பது பேர்.
ட்றம்பெட்டில் ஒரு வால்வு இறுகும்.
டினுஜா அதற்குத் தேங்காயெண்ணெய் போடுவாள்,
பிறகு தலைக்கும் பூசிக்கொள்வாள்.

எனக்குச் சிம்பல்.
கடல் வந்த அடுத்த வருசம் யாரோ வெளிநாட்டார் தந்தது.
நான் அப்போது பிறக்கவில்லை.
இடக்கைத் தட்டின் விளிம்பில் ஒரு வெடிப்பு,
நகக்கீறல் அளவு.

அறுபத்திரண்டு கட்டம் சும்மா நிற்கவேண்டும்.
அறுபத்து மூன்றில் ஒரே ஒரு அடி.
"இதுக்கா புள்ள கொழும்புக்குப் போறாய்?"
அடுத்த வளவு ரமணி மாமி கேட்டா.
இதுக்குத்தான் மாமி.

உண்மையைச் சொன்னால்
நான் ஒருநாளும் முழுசாய் எண்ணியதில்லை.
அந்த இடம் வரும்போது
பெரிய ட்றம்முக்குப் பின்னால் நிதுசாயன்
மூக்கை ஒருக்கா உறிஞ்சுவான்.
அவனுக்கு இரண்டு வருசமாய்த் தடிமன்.
அவன் உறிஞ்ச, நான் அடிப்பேன்.

அந்த மண்டபத்தின் பெயரைச் சொல்லும்போதே
எங்கள் அதிபர் குரலைத் தாழ்த்துவார்.
கதவு சாத்தினார்கள்.
காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி.
அறிவிப்பாளர் மூன்று மொழியிலும்
மீன் பாடும் ஊர் என்றார்.
எங்கள் ஊரில் மீன் இப்போது
கிலோ ஆயிரத்து எண்ணூறு. பாடினால்
இன்னும் கூட்டுவார்கள்.

தொடங்கினோம்.
பஸ் இல்லை. காகம் இல்லை.
டினுஜாவின் வால்வு திறந்து மூடுகிற சத்தம்கூட
கடைசி வரிசைக்குப் போனது.
நாங்கள் இவ்வளவு மெலிந்தவர்கள் என்று
எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.

எண்ணினேன்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
நாற்பது,
முன்வரிசையில் ஒரு குழந்தை
கைவிரலால் நாடியைத் தட்டிக்கொண்டிருந்தது,
அது என் நாற்பதா அதன் நாற்பதா,

விட்டுவிட்டேன்.

நிதுசாயனைப் பார்த்தேன்.
இரவல் சப்பாத்து. நிமிர்ந்த கழுத்து.
மேடையில் மூக்கை உறிஞ்சாதே என்று
தாய் சொல்லி அனுப்பியிருந்தா.
அவன் உறிஞ்சவேயில்லை.
மேலுதட்டில் ஒரு சொட்டு
விளக்கு வெளிச்சத்தில் தொங்கியது.
நல்ல பிள்ளை.
அவனை அடித்துக் கொல்லலாம்.

அடித்தேன்.
ஒரு எண்ணிக்கை பிந்தி.

எங்கள் ஊரில் அடித்த அடி
அரைச்சுவர் ஏறிக் கடலுக்குப் போய்விடும்.
ஒருநாளும் திரும்பிவந்து கேட்டதில்லை.
இங்கே அது எங்கேயும் போகவில்லை.
கூரைவரை ஏறி, கதிரைகளைத் தடவி,
வெடிப்பின் சின்னக் கரகரப்போடு
என்னிடமே வந்தது.
பிழையான இடத்தில் விழுந்த சத்தம்.
ஆனாலும் அது முடியக்கூடாது என்று நினைத்தேன்.
வெட்கம் பிறகுதான் வந்தது.

கை தட்டினார்கள். எல்லாருக்கும்தான் தட்டினார்கள்.

வாழைச்சேனை தாண்டும்வரை பஸ்ஸில்
யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.
நிதுசாயன் மட்டும்
சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
உறிஞ்சினான், உறிஞ்சினான்,
பொலன்னறுவையிலிருந்தே.

விடிய நாலரைக்குப் பாலத்தடியில் இறங்கினோம்.
அம்மா சைக்கிளோடு நின்றா.
கடையில் பன்னிரண்டு பேர்
ஒரு போனைச் சுற்றி நின்று பார்த்தார்களாம்.
"நீ ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிண்டாய்.
ஆரையோ கட்டிப்பிடிக்கப் போறாப்போல.
அதோட படம் இறுகிட்டு.
ஒரு வட்டம் சுத்துது, சுத்துது.
மறுகா பாத்தா எல்லாரும் குனிஞ்சு கும்பிடுறீங்க."

சிம்பல் பையை ஹாண்டிலில் கொழுவினா.

"அடிச்சியா மகள்?"

"அடிச்சன்."