முந்தைய குடியுரிமை

ஷார்ஜா ரோலாவில், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால்
எங்கள் டைப்பிங் சென்டர்.
ஏசி சொட்டும் நீருக்கு ஒரு பெயிண்ட் வாளி,
எனக்கு ஒரு நாற்காலி,
வருகிறவர்கள் நிற்க இரண்டு முழம்.

வீரமலை தவமணி.
பிறப்பு: எழுபத்தொன்று, பொகவந்தலாவை.
வேலை: பள்ளிக்கூடத்தில் துப்புரவு.
விசா புதுப்பிக்கும் படிவத்துக்கு அறுபது திர்ஹாம்.
சில்லறையாகவே எண்ணி வைத்துவிட்டார்.

குடியுரிமை: இலங்கை.
தட்டினேன், நகர்ந்தது.
முந்தைய குடியுரிமை?
இதற்கு யாரும் யோசிப்பதில்லை,
அதையே மறுபடி போடு என்பார்கள்.
இவர் யோசித்தார்.

"ரெண்டாயிரத்து மூணு வரைக்கும்
எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி."

ஒன்றுமில்லை என்றால்?

"ரெண்டு நாடும் உக்காந்து பேசி எங்களப் பிரிச்சாங்க.
இத்தன லட்சம் அங்க, இத்தன லட்சம் இங்க,
ஒன்றர லட்சம் மிச்சம்.
மிச்சத்தையும் பொறவு பாதிப்பாதின்னாங்க.
அப்பா போட்ட மனு
எந்தப் பாதியில விழுந்துச்சோ."

வகுத்தல் கணக்கில் மீதியை
ஓரமாய்த்தான் எழுதுவோம்.
அந்த ஓரத்தில் முப்பத்திரண்டு வருஷம்
இருந்திருக்கிறார்,
கொழுந்தை மட்டும் சரியாக நிறுத்துக் கொடுத்தபடி.

பட்டியலைத் திறந்தேன்.
அரபு அகரவரிசையில் இருநூறு நாடுகள்.
உடைந்துபோன யூகோஸ்லாவியாகூட இருக்கிறது.
'இல்லை' என்று ஒரு நாடு இல்லை.
காலியாக விட்டேன், கட்டம் சிவந்தது.
ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாடு உரிமை என்று
எங்கோ உலகமே கூடி எழுதிவைத்திருக்கிறதாம்.
அந்தத் தாள் இந்த சர்வருக்கு வந்து சேரவில்லை.

கண்ணாடிக்கு வெளியே
ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பையன்,
சாப்பாட்டுப் பெட்டி கட்டிய பைக்.
"அக்கா மகன். கோத்தகிரி.
அவ புருஷன் பேருல ராமேஸ்வரம் கப்பல் ஏறினவ."
அவனுக்கும் பாஸ்போர்ட் நகல் வேண்டுமாம்.
அரக்கும் நீலமுமாய் இரண்டு புத்தகம்
மேசைமேல் திறந்து கிடந்தன.
இரண்டு படத்திலும் ஒரே மூக்கு.

"அக்கா, இலங்கைன்னே போட்றவா?
வேற வழியில்ல."

"போடுங்க."
கொஞ்சம் நின்று,
"அப்ப முன்னயும் அந்த நாட்டாளுதான்னு ஆவுது.
நாலஞ்சு எலெக்‌ஷன் ஓட்டு பாக்கியில்ல இருக்கு?
யார்கிட்ட கேக்க?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
கட்டம் பச்சையானது.
இரண்டு பிரதி அச்சிட்டுக் கொடுத்தேன்.
பையனின் போன் அடித்தது, யாருக்கோ பிரியாணி தாமதம்.

வாளி தளும்பியிருந்தது.
தூக்கிப்போய் ஊற்றிவிட்டு வந்து
அடுத்தவர் பெயர் கேட்டேன்.