வெயிட் என்னும் வினை

ஸ்டான்லி ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
சுற்றாத மின்விசிறிக்குக் கீழே
ஒரே கம்பியில் கோத்த இரும்பு நாற்காலிகளில்
நான்காவது என்னுடையது.
மடியில் டபிள்யூ எழுத்தின் ப்ரூஃப் கட்டு.
சொல்லுக்குப் பதினான்கு ரூபாய்;
சின்னச் சொல்லோ பெரிய சொல்லோ கூலி ஒன்றுதான்.

மாலையில் திருவல்லிக்கேணியிலிருந்து பதிப்பாளர் கூப்பிட்டார்.
"அகராதி பிரஸ்ஸுக்குப் போகணும், இன்னும் எத்தனை நாள்மா?"
கொஞ்சம் வெயிட் பண்ணுங்க சார் என்றேன்.
சொன்ன பிறகுதான் கவனித்தேன்
பென்சில் முனை நின்றிருந்த இடத்தை.

பழைய பதிப்பில் ஒரே வரி:
வெயிட் — காத்திரு; தாமதி.
அதற்கு மேல் யாரும் மெனக்கெடவில்லை.

ஆட்டோக்காரர் மீட்டர் போடாமலே கேட்கும் சார்ஜை
இதில் எங்கே சேர்ப்பது?
சென்ட்ரலில் சார்ட் தயாராகும்வரை
பெயரில்லாமல் முப்பத்தேழு என்று மட்டும் நிற்கிற மனிதனை?
பெரிய ஓட்டலில் தட்டேந்தி நிற்பவருக்கும் இதே சொல்.
பசித்தவரைச் சொல்லவில்லை, பரிமாறுகிறவரை.

தமிழில் எழுதினால் எடையும் இதுவேதான்.
ஜெரால்டை மிஷின்மேல் ஏற்றி
"வெயிட்டு நாப்பத்தெட்டு" என்று கத்திய நர்ஸ்
அதே மூச்சில் என் பக்கம் திரும்பி
"வெயிட் பண்ணுங்கம்மா, வெளிய."
ஆங்கிலத்தில் அவை இரண்டு.
எழுத்து வேறு, வம்சம் வேறு.
போன வருஷம் அவருக்கு அறுபத்தாறு கிலோ.
இந்த வராந்தாவில் எது எந்தச் சொல்லென்று
எனக்குப் பிரித்து எழுத வரவில்லை.

பிறப்பைத் தேடிக்கொண்டு போனேன், தூக்கம் வராத தைரியத்தில்.
பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியதாம்.
அவர்களுக்கு ஏதோ ஜெர்மானியக் குடி கொடுத்ததாம்.
அந்தக் காலத்தில் தாமதத்துக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை.
விழித்திரு. கண் வை.
பகைவன் வரும் வழியில் பதுங்கு.
கொம்பு ஊதித் தெருத்தெருவாய் நடந்த இராக்காவலருக்கும்
ஒரு காலத்தில் அதுவே பெயர்.
கையில் கட்டுகிற வாட்ச் அதற்குப் பங்காளி முறை.

அப்புறம் நம் பக்கத்துச் சொல்லைப் பார்த்தேன்.
காத்திரு.
இத்தனை வருஷமும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன்.
பென்சிலால் நடுவே ஒரு கோடு போட்டேன்.
காத்து. இரு.
காவல் காத்துக்கொண்டு இரு.

ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்திராத இரண்டு பாஷைகள்
எங்கேயோ, வேறு வேறு வாசல்களில்,
தூங்காமல் உட்கார்ந்திருக்கின்றன.
நடுவில் நாங்கள் பண்ணு என்று ஒரு ஸ்டூலைப் போட்டு
அதையும் இங்கே உட்கார வைத்துக்கொண்டோம்.

மணி மூன்றேகால்.
பக்கத்து நாற்காலி அம்மாவுக்குக் காசிமேடு.
நாலு நாளாய் மீன் தொடாத கூடையில் இன்னும் கவிச்சி.
"இத்தக் கொஞ்சம் பாத்துக்கம்மா, தோ வந்துர்றேன்."
பேர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள்.

ஒரு ஃபிளாஸ்க். மடித்த லுங்கி.
ரேஷன் கார்டு ஜெராக்ஸ். இரண்டு வாழைப்பழம்.
யார் எடுத்துப் போகப்போகிறார்கள்?
ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை,
ஜெரால்டு போன கதவுப் பக்கம்கூட.
இரவு முழுக்க அந்தக் கதவையே பார்த்திருந்த கழுத்து
முதல் தடவையாக வலிக்காமல் இருந்தது.

பீச் ஸ்டேஷன் பக்கம் முதல் ரயில் ஹாரன் அடித்தபோது
ப்ரூஃப் ஓரத்தில் எழுதினேன்:
மூன்றாம் பொருள், பிறர் கூடையைப் பார்த்துக்கொள்.
பதிப்பாளர் அடித்துவிடுவார்.
அடிக்கட்டும், எப்படியும் பதினான்கு ரூபாய்தான்.

கதவு திறந்தது.
முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி
"துளுக்காணம்கூட யாரு?
துளுக்காணம் அட்டெண்டர்!"

படிக்கட்டைப் பார்த்தேன். யாரும் ஏறி வரவில்லை.
ப்ரூஃப் கட்டு மடியிலிருந்து சரிந்து விழ,
கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு
எழுந்து
நான்தான் என்றேன்.