இருபத்தெட்டாம் நாள்

மேட்டூர் திறக்க இன்னும் பதினொரு நாள்.
கோரையாற்றுப் பிரிவு வாய்க்காலில்
ஜேசிபி வாரிப்போட்ட வண்டல்
கரையெல்லாம் கறுத்துக் கிடக்கிறது.
வயலுக்கு வேண்டாமாம், பாலிதீன்.
செங்கல் சூளைக்காரர் ஒரு பிடி முகர்ந்துவிட்டு
டிராக்டரைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று சாக்கு நான் கேட்டேன்.
"இத வச்சு என்னம்மா பண்ணப்போற?"
மதகு லஸ்கர் குஞ்சிதபாதம்.
சிமெண்டுக்குப் பதிலா, என்றேன்.
சிரித்தபடியே தூக்கிவிட்டார்.

பாலிடெக்னிக் மொட்டைமாடியில் உலர்த்தி
இடித்துச் சலித்தபோது
சல்லடையில் நின்றவை:
நத்தை ஓடு, ஷாம்பு உறை,
போன சம்பாவின் வேர்,
ஏதோ ஒரு பிள்ளையின் கொலுசிலிருந்து
ஒற்றை முத்து.
முத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

எழுநூறு டிகிரி, இரண்டு மணி நேரம்.
நடுவில் கரண்டு போய் முதல் தட்டு வீண்.
அடுத்தது
கறுப்பாய் உள்ளே போய்ச்
செங்காவியாய் வெளியே வந்தது.
தனக்குள் பிடித்துவைத்த நீரைக்
கடைசிவரை விட்டால்தான்
களிமண் சுண்ணாம்போடு பேசும்.

நூறு பங்கு சிமெண்டில்
இருபதை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் ஆற்றைப் போட்டேன்.
இன்னொரு கலவையில் நாற்பது.
அது பேராசை, தெரிந்தேதான்.

கரணையால் தட்டிப் பார்த்த ஆரோக்கியம்
"தாகம் புடிச்ச மண்ணு" என்றார்.
ஆற்றுக்குள்ளேயே கிடந்த மண்ணுக்குத் தாகமா?
கேட்டுக்கொண்டே
இன்னும் ஒரு குவளை ஊற்றப்போனவளின்
கையைப் பிடித்தார்.

பன்னிரண்டு கட்டிகளும் தொட்டி நீரில் மூழ்கின.
வெளியே
கடைமடைக்குத் தண்ணீர் வந்தது,
நுரையும் சருகும் முன்னால் தள்ளிக்கொண்டு.

ஏழாம் நாள் பார்த்தால் சொங்கி.
அன்றிரவு சோறு இறங்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள்
இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு ஏற்றினேன்.
நாற்பது, பதினெட்டிலேயே
பொருமிப் பொருமி உதிர்ந்தது.
இருபது
வெறும் சிமெண்டு நின்ற இருபத்தொன்பதைக் கடந்து
முப்பது,
முப்பத்தொன்று,
முள் தயங்கியது. நானும்.
அப்புறம்தான் வெடித்தது.
கதவுக்கு வெளியே நாய் குரைத்தது.

உதவிப் பொறியாளர் தாளை இரண்டு முறை படித்தார்.
"நல்லாத்தான் இருக்கு.
ரேட் அட்டவணையில இதுக்கு வரிசை இல்லையே."
வரிசை வரும்வரை கரையில் மழை பெய்யும்,
வண்டல் பாதி மறுபடி உள்ளே போகும்.

உடைக்காமல் மிஞ்சிய ஒரு கட்டியை
லஸ்கர் கேட்டு வாங்கிக்கொண்டார்.
மதகுத் திருகைச் சுற்றும்போது
ஒரு கால் அதன்மேல்.
பக்கவாட்டில் நான் பென்சிலில் எழுதிய தேதி
ஈரத்தில் மங்குகிறது.

முத்து என்னிடம்தான் இருக்கிறது.
எடைக் கணக்கில் அதைக் கழிக்க மறந்துவிட்டேன்.