எத்தனை மணிக்கு

காரைக்குடி. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம்.
விடிகாலை நாலேமுக்கால்.
ஸ்ட்ரெச்சரில் சமையல் மாஸ்டர் அடைக்கப்பன்,
வாய் ஒரு பக்கம் கோணி,
வலக்கை வேறு யாருடையதோ போல் தொங்க.

எத்தனை மணிக்கு வந்தது?
டாக்டர் கேட்டதையே நானும் கேட்டேன்.
"பத்தரைக்குப் படுத்தாக" என்றார் தெய்வானை.
"மோட்டாரை நிறுத்திட்டியான்னு கேட்டாக.
நாலு மணிக்குக் கல்யாண வீட்டு வண்டி வந்து
ஹாரன் அடிக்கிறான், எந்திரிக்கல."

நடுவில் ஓர் இரவு
சாட்சியில்லாமல் கிடந்தது.
நாலரை மணி நேரம் தாண்டியிருந்தால்
அந்த ஊசி மருந்தில்லை, ஆபத்து.

இரும்பைத் தேடிக் கழற்றுவது என் வேலை.
கைக்கடிகாரம்: பத்து நிமிஷம் முந்தி ஓடியது.
தாயத்து.
அரைஞாண் கயிற்றில் ஒரு சின்னச் சாவி.
"மளிகை அலமாரிச் சாவி,
எங்கிட்டகூடத் தந்ததில்ல."
வாங்கிக் கோட்டுப் பையில் போட்டேன்.

காந்தம் இடிக்கத் தொடங்கியது,
அண்டா விளிம்பில் கரண்டியைத் தட்டுகிற மாதிரி.

மூளைக்குள்ளும் தண்ணீர்தான்.
நல்ல இடத்தில் அது சும்மா இருக்காது,
அலைந்துகொண்டே இருக்கும்.
ரத்தம் வராத இடத்தில் செல்கள் வீங்க,
சந்து அடைபட்டு, நின்றுவிடும்.
நின்ற தண்ணீர் என் திரையில் வெள்ளை.

வந்தது வெள்ளை.
அவருக்கு இடப்பக்கம், திரையில் எனக்கு வலப்பக்கம்,
ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல்.

அடுத்த வரிசைப் படம் எதையும் லேசில் நம்பாது.
சேதம் நடந்து மணிக்கணக்கானால்தான்
அதில் கறை ஏறும்.
அதே இடம். அதே உயரம்.
உற்றுப் பார்த்தேன்.
வெறும் சாம்பல் நிறம். ஒன்றுமில்லை.

ஒன்பது வருஷத்தில்
ஒன்றுமில்லாததைப் பார்த்து நாற்காலியைவிட்டு எழுந்தது
அன்றுதான்.

மதுரையிலிருந்து ரேடியாலஜிஸ்ட், தூக்கம் கலையாத குரலில்:
"புதுசு. நாலரைக்குள்ளதான் இருக்கும்.
போடச் சொல்லு."

"அப்ப எத்தனை மணிக்கும்மா?"
லிப்ட் வாசலில் தெய்வானை.
சரியாத் தெரியாது, ரொம்ப நேரம் ஆகலை என்றேன்.
அவர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.
"ஒன்றரைக்கு எந்திரிச்சேன். குறட்டை கேட்டுச்சு.
கேட்டுச்சுன்னுதான் நினைக்கிறேன்."

ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து
பையில் கை விட்டால் சாவி.
மேலே போனேன்.
நர்ஸ் அவரிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள்.
'அ' வரை வந்திருந்தார்.