கமரா பார்க்கிற அளவு

கொழும்பிலிருந்து லொறியில் வந்த புல்லு.
பாய் மாதிரிச் சுருட்டி இறக்கினார்கள்.
விரித்தவனே சொன்னான்,
"இது வெய்யில் தாங்காது அக்கா."
சுபேந்திரன் மார்க்கத்தில் இருந்துகொண்டு
படம் பார்த்துத் தெரிவு செய்தது.
அராலியைப் பற்றிப் படத்துக்கு என்ன தெரியும்.

ஆனி பாதியில் கிணறு இறங்கிற்று.
வாளி பாறையில் முட்டிற சத்தம்.
நாக்கில் வைத்தால் சவர்.
சவர் ஊற்றினால் புல்லு நுனியிலிருந்து எரிந்து வரும்,
கடதாசி எரிகிற மாதிரி, நெருப்பில்லாமல்.

சபையின் பவுசர் செவ்வாயும் வெள்ளியும்.
வீட்டுக்கு இருநூறு லீற்றர்.
குடிக்க, சமைக்க மட்டும் என்று
ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வருவான்.
பூமரம், புல்லு, வாகனம் கழுவுறது
எல்லாம் ஒரே மூச்சில் தடை.
புல்லு என்கிறபோது மட்டும்
நான் நிற்கிற வளவைப் பார்க்கிறானோ என்றொரு நினைப்பு.

"அக்கா, இடது பக்கம் மஞ்சளாத் தெரியுதே."
இடது என்றால் கமராவுக்கு இடது.
கேற்றடியில் நிற்கிற எனக்கு அது வலது.

அவர் அனுப்பின படத்தைக் கையில் பிடித்தபடி
மூலைக்கு மூலை ஓட்டுத்துண்டு வைத்தேன்.
கிட்ட ஒடுங்கி, போகப்போக அகன்று
ஒரு விசிறி மாதிரி வந்தது அவருடைய பார்வை.
அதற்கு வெளியே கிடந்ததைக் கைவிட்டேன்.

உள்ளே,
அரிசி களைந்த தண்ணி,
மீன் கழுவின தண்ணி,
மகள் முழுகின நாளில் சீயக்காய்த் தண்ணி.
போதாத அன்று
பவுசர்த் தண்ணியில் ஒரு வாளி, இருட்டினபிறகு.

ஆரபி கண்டுவிட்டாள்.
"எங்கடை தண்ணி ஏனம்மா அங்கை போகுது?"
"அதுதான் சம்பளம்" என்றேன்.
அடுத்த நாள் அவள் குளிக்கவில்லை.
துவாயை நனைத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு
பள்ளிக்கூடம் போனாள்.
ஒன்றும் சொல்லவுமில்லை.

ஆவணியில்
நாகேசு வீட்டு மறியாடு வேலி பிரித்து வந்தது.
முழு வளவும் கிடக்க
நேரே விசிறிக்குள் போய் நின்றது.
ஓட்டுத்துண்டு ஒன்றையும் தாண்டாமல்
ஒரு கரையிலிருந்து ஒழுங்காக மேய்ந்தது.

அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.
போன் அடித்தது.
நின்று, திரும்ப அடித்தது.

கையில் வாளி இருந்தது. வெறும் வாளி.
தட்டினாலே ஓடியிருக்கும்.
நான் தட்டவில்லை.
அதன் வாயில் இரண்டு மாதத் தண்ணி
நறுக் நறுக்கென்று முறிகிறதைக்
கேட்டுக்கொண்டு நின்றேன்,
ஓட்டுத்துண்டுக்கு வெளியே,
மஞ்சளில்.